சம்பங்கிப் பாத்தியில் ஒரு முழங்கால்

ஜக்கம்மாளின் இல்லாத காலுக்குத்தான் முதலில் விடியும். கண்ணைத் திறப்பதற்கு முன்பே இடது பாதத்தில் பனி நனைந்த மண் வந்து ஒட்டும். சுண்டுவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவே ஒரு புல் குறுகுறுக்கும். அதை எடுத்துப் போடலாமென்று போர்வைக்குள் கையை விட்டுத் தேடுவாள். தொடை பாதியிலேயே முடிந்திருக்கும். இரண்டு வருஷமாக இதே கதைதான், கையும் தேடுவதை விட்டபாடில்லை. ஆனால் அந்தக் கொஞ்ச நேரம் அவளுக்குப் பிடித்திருந்தது. இல்லாத பாதம் அவளுக்கு முன்பாகவே எழுந்து சம்பங்கிக் காட்டுக்குப் போய் வந்துவிடுகிறது என்று நினைத்துக்கொள்வாள்.

சுவரோரம் புதுக்கால் சாய்ந்து நிற்கும். தொடையைப் பொதிகிற கிண்ணம், அதற்குக் கீழே கறுப்பாக ஒரு முழங்கால், பிறகு ஒரு கம்பி, கடைசியில் ரப்பர் பாதம். முழங்காலிலிருந்து ஒரு வயர் போய், செல்போனுக்குப் பக்கத்துப் பிளக்கில் சொருகியிருக்கும்.

"போன்ல சார்ஜ் தீந்தா எனக்குப் பேச்சு நிக்கும். ஒனக்குக் கால்ல சார்ஜ் தீந்தா நடை நிக்கும்," என்பான் அவள் புருஷன் சுருளிவேல், அடுப்பில் டீத்தண்ணியை ஏற்றியபடி.

"எனக்குப் பேச்சு நிக்க என்ன தீரணும்?"

"அதுக்கு இன்னும் மிசினு வரல புள்ள."

விபத்துக்கு முன்னால் அடுப்படி எந்தத் திசையில் இருக்கிறதென்றே அவனுக்குத் தெரியாது. அன்றைக்கு மொபட்டை ஓட்டியவன் அவன். பின்னால் பூ மூட்டைமேல் ஒருச்சாய்ந்து உட்கார்ந்திருந்தவள் அவள். திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்குப் போகிற வழியில், லாரியின் வால் பக்கம் லேசாக உரசிற்று. அவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவளுக்குத் தொடையோடு கால் போயிற்று. அதைப்பற்றி இருவரும் ஒரு நாளும் பேசியதில்லை. மறு மாசத்திலிருந்து டீ அவன் கையால்தான். டீத்தூளை அள்ளிப் போட்டுக் கசாயமாக்கிவிடுவான். அவளும் ஒன்றும் சொல்லாமல் குடித்துவிடுவாள்.

ரெட்டியார்சத்திரத்தைத் தாண்டி, பழனி ரோட்டோரத்திலேயே வீடு. அரைக் கிலோமீட்டர் தள்ளி ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவர்களுடைய காடு. அறுபது சென்ட் சம்பங்கி. மொட்டு வாய் பிளப்பதற்குள் பறித்தால்தான் பூவுக்கு மதிப்பு, ஆகவே வெளுக்கும்போதே பாத்திக்குள் இறங்கிவிட வேண்டும். முதலில் கொடுத்த கால் மடங்காத கால். நடந்தால் வாசல் கதவைத் திறப்பதுபோல வெளிப்பக்கமாகச் சுழற்றி எடுத்து வைக்க வேண்டும். ரோட்டில் அது சரிதான். பாத்திக்குள் ஒவ்வொரு எட்டுக்கும் இரண்டு பூந்தண்டு ஒடிந்தது. மூன்று நாள் பார்த்தாள், நாலாம் நாள் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒரு வருஷம் அப்படி உட்கார்ந்தே கிடந்தாள். பூக்காட்டின் வாசனை வரும், பூவைத் தொட முடியாது. அது அவளுக்குக் காலை இழந்ததைவிடப் பெரிய வலியாக இருந்தது.

அப்போதுதான் திண்டுக்கல் நாகல் நகரில் இருக்கிற செயற்கைக் கால் மையத்திலிருந்து ஆள் வந்தது. மடங்குகிற முழங்கால் ஒன்று செய்திருக்கிறார்கள், ஐந்து பேருக்குத் தொண்ணூறு நாள் கொடுத்துப் பார்க்கப்போகிறார்கள், ஒத்துவந்தால் அவர்களுக்கே சொந்தம். சுருளிவேல் அந்த இடத்துக்குக் 'கால் ஆபீஸ்' என்று பெயர் வைத்தான். காலே கொடுக்கிற இடமென்றாலும் வாசலில் 'காலணிகளை வெளியே விடவும்' என்று பலகை தொங்கியது. உள்ளே எல்லோரும் வெறுங்கால்தான், அந்த முழங்காலை வடிவமைத்தவர்களில் ஒருத்தியான சபிஹாவும் அப்படியே. திண்டுக்கல் பெண், முப்பது வயசுக்குள்தான் இருக்கும்.

"அக்கா, இதுக்குள்ள எண்ணெய் இருக்கு," என்று காலைத் திருப்பிக் காட்டினாள் சபிஹா. "எண்ணெய் ஓடுற வழியில ஒரு அடைப்பு. அடைச்சா முழங்கால் மடங்காது, ஒங்க பாரத்தத் தாங்கும். தெறந்தா மடங்கும், காலை நேரா வீசி எடுத்து வைக்கலாம்."

"மடை மாதிரியா?"

"மடைன்னா?"

"வாய்க்கால்ல தண்ணி போகுதுல்ல தாயி, ஒரு பாத்தி நெறஞ்சதும் இங்கிட்டு மண்ணப் போட்டு அடைச்சு அங்கிட்டு வெட்டித் தெறப்போம்."

"அதேதாங்க்கா! அதேதான்!"

"அப்ப மம்பட்டியோட உள்ள நிக்கிறது யாரு?"

சபிஹா சிரித்துவிட்டாள். "சின்னக் கம்ப்யூட்டர் ஒண்ணு. இந்தக் கம்பி எம்புட்டு முன்னால சாஞ்சிருக்கு, பாரம் குதியில இருக்கா விரல்ல இருக்கான்னு நொடிக்கு நூறு தடவ பாத்துக்கிட்டே இருக்கும். கம்பி முன்னால சாஞ்சு, பாரமும் விரலுக்குப் போயிருச்சுன்னா, அடுத்த எட்டுக்கு நேரமாச்சுன்னு மடையத் தெறந்துவிட்டுரும்." பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டாள். "செருப்பு போடுவீங்களாக்கா?"

"காடுகரையில கெடக்கிறவளுக்குச் செருப்பு என்னத்துக்கு?"

அன்றைக்கு அது பொய்யில்லை. ரப்பர் பாதத்தில் ஹவாய் செருப்பு நிற்காது, பிடித்துக்கொள்ள விரல் வேண்டுமே. சபிஹா 'வெறுங்கால்' என்று எழுதிக்கொண்டாள். அந்த அளவுக்கே முழங்காலைச் சரி செய்து மாட்டினாள். ஜக்கம்மாள் அந்தக் கூடத்தில் நடந்தபோது, கிண்ணத்துக்குப் பிளாஸ்டர் அச்செடுத்த ரொனால்டு வேலையை விட்டுவிட்டுக் கை தட்டினான்.

முதல் பத்து நாள் சுருளிவேல் கையைப் பிடித்தபடியே கூட்டிப்போனான். கார்த்திகைத் தீபத்துக்கு லீவில் வந்த மகள் ஜீவிதா, கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கிறவள், அம்மாவுக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்கி வந்தாள். மெரூன் நிறம், கணுக்காலைச் சுற்றி வார், பின்பக்கம் ஓர் அங்குலம் உயரம். "வார் இருக்குல்லம்மா, கழண்டு போகாது," என்று தானே குனிந்து இரண்டு பாதத்திலும் மாட்டிவிட்டாள். ஜக்கம்மாள் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தாள். இரண்டும் ஒன்றுபோல இருந்தன. எது பொய்க்கால் எது மெய்க்கால் என்று அவளுக்கே ஒரு கணம் தெரியவில்லை. மகள் பார்க்காதபடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் விழ ஆரம்பித்தாள்.

முதல் தடவை டீக்கடை முன்னால். வழுவழுவென்று கிடக்கிற தார் ரோட்டில், ஒரு கல்கூட இல்லாத இடத்தில் முழங்கால் திடீரென்று விட்டுக்கொடுத்தது. இரண்டாம் தடவை பஸ் நிற்கிற இடத்தில், நாலு பேர் பார்க்க. மூன்று, நாலு என்று அது பாட்டுக்கு ஏறிக்கொண்டே போயிற்று. பாதிக்கு மேல் அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் முழங்கால் சொல்லிவிட்டது. மாசத்துக்கு இரண்டு தடவை கால் ஆபீஸுக்குப் போனதும், சபிஹா ஒரு வயரைச் சொருகிக் கம்ப்யூட்டரைப் பார்ப்பாள். எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு விழுந்தாள் என்பதெல்லாம் அதில் வந்து நிற்கும்.

"எங்க மாமியா செத்து எட்டு வருசமாச்சுன்னு நிம்மதியா இருந்தேன்," என்றாள் ஜக்கம்மாள். "இப்ப கால்லயே கோள் சொல்ல ஒண்ணக் கட்டிவிட்டுட்டியே தாயி."

இதில் வேடிக்கை என்னவென்றால், பூக்காட்டுக்குள் அவள் ஒரு தடவைகூட விழவில்லை. மேடும் பள்ளமும் ஈர மண்ணுமாகக் கிடக்கிற பாத்திக்குள் தண்டில் சேலை உரசாமல் நேராக நடந்தாள். கால் ஆபீஸ் கூடத்திலும் விழவில்லை, வீட்டுக்குள்ளும் விழவில்லை. ரோடுதான் அவளுக்கு ஆகவில்லை.

"ஊர்க்கண்ணு," என்றான் சுருளிவேல். வெள்ளிக்கிழமை தவறாமல் எலுமிச்சம்பழம் சுற்றி முச்சந்தியில் போட்டான். முழங்காலிலேயே கறுப்புக் கயிறு ஒன்றும் கட்டிவிட்டான். அதை அவிழ்க்கச் சொல்ல சபிஹாவுக்கு மனசு வரவில்லை, பேட்டரி மூடிக்கு மேலே மட்டும் படாமல் நகர்த்திவைத்தாள்.

"நாலு பேர் பாத்தா பயம் வந்துருதுக்கா ஒங்களுக்கு. எட்டு சின்னதாயிருது," என்று சபிஹா முழங்காலின் கணக்கை மாற்றிப் பார்த்தாள். அடுத்த முறை வேறு விதமாக மாற்றினாள். கூடத்தில் நன்றாகத்தான் இருந்தது, ரோட்டுக்குப் போனதும் பழைய குருடிதான்.

ஜக்கம்மாளோ வேறு மாதிரி யோசித்தாள். பூக்காட்டுக்குள் செருப்போடு யாரும் இறங்குவதில்லை, சாமிக்குப் போகிற பூ. வரப்பில் உட்கார்ந்து வாரை அவிழ்த்துச் செருப்பை ஓரமாக வைத்துவிட்டு இறங்குவாள். பனிப்புகைக்குள் வெள்ளையாக நிற்கிற பூந்தண்டுகளுக்கு நடுவே போனதும், இல்லாத பாதம் எங்கிருந்தோ வந்து ரப்பர் பாதத்துக்குள் நுழைந்துகொள்ளும். மண்ணின் குளிர்ச்சிகூடத் தெரியும். அங்கே நடப்பது நானில்லை, என் பழைய கால், அதற்கு ரோடு பிடிக்காது, அந்த ரோட்டில்தானே அது போனது என்று அவளுக்குத் தோன்றும். இதை யாரிடம் சொல்ல முடியும்? சுருளிவேலிடம் சொன்னால் இன்னொரு எலுமிச்சம்பழத்தோடு வருவான். அவன் எப்போதும் அவளுக்குப் பின்னால் அதே பாத்தியில், ஒரு கையை அவள் இடுப்புக்கு நேராக நீட்டியபடியே வருவான். ஒற்றைக் கையால் எவ்வளவு பூ பறிக்க முடியும்? இரண்டு ஆள் சேர்ந்து ஒன்றரை ஆள் வேலைதான் நடந்தது.

தை பிறந்ததும் சபிஹா தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"மூணு தடவைக்கு மேல விழுந்தா, இந்தக் கால் அவங்களுக்குப் பாதுகாப்பு இல்ல, திருப்பி வாங்கிருங்கன்னு மேல இருந்து சொல்லிருக்காங்க. ஒங்களுக்குப் பதினொண்ணு ஆயிருச்சுக்கா. பூசம் முடிஞ்ச வியாழக்கிழம நான் ரிப்போர்ட் எழுதி அனுப்பணும்."

"வாங்கிட்டு?"

"பழைய கால் குடுப்பாங்க."

மடங்காத கால். பூந்தண்டு ஒடிகிற சத்தம் அந்த நிமிஷமே ஜக்கம்மாளின் காதில் கேட்டது. ராத்திரிக்கு மொச்சைக் குழம்பு வைத்திருந்தாள், அவளுக்குப் பிடித்த வெஞ்சனம், இருந்தும் சோறு இறங்கவில்லை.

பூசத்துக்கு மூன்று நாள் முன்னால் ஒரு காலையில் அப்படியொரு பனி. மேற்கே கொடைக்கானல் மலையும் இல்லை, கிழக்கே ஊரும் இல்லை, உலகத்தில் அறுபது சென்ட் சம்பங்கி மட்டும் மிச்சமிருந்ததுபோலத் தெரிந்தது. பனிக்குள்ளிருந்து "அரோகரா" என்று குரல் வந்தது. பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள், பச்சை வேட்டி பச்சைச் சேலையில் வரிசையாக ரோட்டில் போனார்கள். ஒரு பெண் மட்டும் வரப்புப் பக்கம் வந்து கூப்பிட்டாள்.

"தாயி, காவடிக்கு ரெண்டு கை பூ கெடைக்குமா? கட்டியிருந்ததெல்லாம் உதுந்துபோச்சு."

சுருளிவேல் அந்தப் பக்கம் மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். ஜக்கம்மாள் மடி நிறைய இருந்த பூவோடு ரோட்டுக்கு ஏறினாள். சாமி காவடிக்குப் போகிற பூ, செருப்பின் ஞாபகமே வரவில்லை. காவடியில் பூவைச் செருகிக் கொடுத்தாள். காவடி நகர்ந்தது, பேச்சுவாக்கில் அவளும் கூடவே நடந்தாள்.

"எந்த ஊருலருந்து நடக்கீங்க?" என்று கேட்டாள் யாத்திரைப் பெண்.

"இந்தா, இந்தப் பாத்தியிலருந்துதான். நீங்க?"

"மேலூர்ப் பக்கம். இன்னைக்கு நாலாம் நாளு. வெறுங்கால்ல நடக்கீங்களே, கால் வலிக்கலையா?"

"ஒரு கால் வலிக்குது."

"குடுத்துவச்சவுக நீங்க. எனக்கு ரெண்டும் வலிக்குது."

ஜக்கம்மாளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்தப் பெண்ணும் காரணம் தெரியாமலே சிரித்தாள். பனிக்குள் முன்னால் போகிறவர்களின் முதுகு மட்டும் பச்சையாக மிதந்தது. பஸ் நிறுத்தம் வந்தது, போயிற்று. டீக்கடை பெஞ்சில் இருந்த நாலு பேர் டம்ளரோடு திரும்பிப் பார்த்தார்கள், அதுவும் போயிற்று. எட்டு மேல் எட்டாக அவளுடைய பழைய கால் ரோட்டில் வந்துகொண்டிருந்தது. வீட்டு வாசல் வந்ததும் நின்றாள். "நல்லா இருங்க தாயி," என்று அந்தப் பெண் பனிக்குள் கரைந்து போனாள்.

செத்த நேரத்தில் சுருளிவேல் மூச்சிரைக்க ஓடி வந்தான். கையில் மெரூன் செருப்பு.

"சொல்லாமக் கொள்ளாம எங்க புள்ள போன? வரப்புல செருப்பு மட்டும் கெடக்கு, ஒன்னக் காணோம். உசுரே போயிருச்சு எனக்கு!"

செருப்பை அவள் பாதத்துக்குப் பக்கத்தில் பொத்தென்று வைத்தான். வாசல்படியில் உட்கார்ந்திருந்த ஜக்கம்மாள் அதையே பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இந்தா, நான் ரோட்டுல வந்தேன்ல?"

"ஆமா."

"ஊரே பாத்துச்சுல்ல?"

"ஆமா."

"விழுந்தேனா?"

சுருளிவேலுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் பக்கத்திலிருந்த சொம்பை எடுத்து, செருப்பின் குதிப்பக்கம் ஒரு வாய்த் தண்ணீரை ஊற்றினாள். தண்ணீர் நிற்காமல் விரல் பக்கம் ஓடி மண்ணில் விழுந்தது. இருபது வருஷம் தண்ணீர் பாய்ச்சியவளுக்கு அதற்கு மேல் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓர் அங்குல மேட்டுக்குத் தண்ணீர் வழி மாறும்.

"குதிய இது தூக்கிவிட்டுருது. கம்பி எந்நேரமும் முன்னாலயே சாஞ்சு நிக்குது," என்றாள் மெதுவாக. "உள்ள இருக்கிறவன் என்ன செய்வான்? எட்டுக்கு நேரமாச்சுன்னு நெனச்சு, முன்னாடியே மடையத் தெறந்துவிடுறான். பாவம், அவன் மேல ஒரு தப்பும் இல்ல."

"அப்ப இதத் தூக்கி எறி. தட்டையா வேற வாங்கிக்கிருவோம்."

"எறிய மாட்டேன்."

"ஏன்?"

ஜீவிதா தினம் சாயங்காலம் போன் பண்ணும்போது 'செருப்பு நல்லா இருக்காம்மா?' என்று கேட்காமல் வைக்க மாட்டாள். பதினொரு தடவை அம்மா விழுந்தது இதனால்தான் என்று தெரிந்தால் அந்தப் பிள்ளை தாங்காது. அதைச் சொன்னாள். இன்னொன்றும் இருந்தது, அதையும் கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னாள்.

"இதப் போட்டாத்தான் எனக்கு ரெண்டு கால் இருக்க மாதிரி இருக்கு."

சுருளிவேல் செருப்பைத் துண்டால் துடைத்து வைத்தான்.

வியாழக்கிழமை கால் ஆபீஸ் வாசலில் எல்லோரும் செருப்பைக் கழற்றினார்கள். ஜக்கம்மாள் கழற்றவில்லை. பலகையைத் தாண்டி, மெரூன் செருப்போடு டக் டக்கென்று உள்ளே போனாள்.

"அக்கா, செருப்பு! செருப்பு!" என்று பதறினான் ரொனால்டு.

"தெரியுதுப்பா. போர்டப் படிச்சிட்டுத்தான் வாரேன். சபிஹா தாயி, அந்த வயரக் கையில வச்சுக்க. நான் இப்ப விழுகப்போறேன், நல்லாப் பாரு."

சொல்லிவிட்டு நடந்தாள். கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ராஜாத்தி மாதிரி போய்ச் சேர்ந்தாள், விழவில்லை. அவளுக்கு அழுகை வந்தது. இரண்டு மாசமாக விழக்கூடாது விழக்கூடாது என்று எல்லாச் சாமியையும் கும்பிட்டவள், இப்போது விழுந்துவிடு விழுந்துவிடு என்று வேண்டிக்கொண்டாள். "ஊரு பாக்க மானத்த வாங்குனியே, இப்ப மட்டும் மரியாதையா நடக்குற?" என்று காலைத் திட்டிக்கொண்டே திரும்பினாள். திரும்பிய மூன்றாம் எட்டில் முழங்கால் விட்டுக்கொடுத்தது. விழப் பழகியவளாதலால் கையை ஊன்றிப் பக்கவாட்டில் சரிந்தாள். சுருளிவேல் வந்து பிடிப்பதற்குள் தரையில் கிடந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

சபிஹா ஓடிவந்து பக்கத்தில் மண்டியிட்டாள். ஜக்கம்மாள் செருப்பின் குதியைக் காட்டினாள். பேச்சு தேவைப்படவில்லை. ஸ்கேலை வைத்து அளந்த சபிஹாவின் கண் நிறைந்துவிட்டது.

"பயந்து நடக்காங்கன்னு எழுதுனேங்க்கா. நாலு தடவ கணக்க மாத்துனேன், வாசல்ல கெடந்த செருப்ப ஒரு தடவகூடத் திரும்பிப் பாக்கல."

"நானும் காட்டலையே தாயி. கழட்டி வச்சிட்டு வாறதுதான மரியாத."

"தட்டையா ஒரு செருப்பு..."

"செருப்ப மாத்தச் சொல்லாத. எம் மக வாங்கிக் குடுத்தது. ஒன் முழங்கால மாத்து."

சபிஹா ஸ்கேலைக் கீழே வைத்தாள். "மாத்தலாங்க்கா. ஆனா காட்டுக்குள்ள வெறுங்கால்ல போவீங்களே?"

"அதுக்கும் சேத்து மாத்து."

மத்தியானம் வரைக்கும் வேலை நடந்தது. ஜக்கம்மாள் செருப்போடு இருபது தடவை நடந்தாள், கழற்றிவிட்டு இருபது தடவை நடந்தாள். ரொனால்டு கூடத்தைத் துடைப்பதை விட்டுவிட்டு வாசல் பலகையையே திருப்பி மாட்டிவிட்டான். கடைசியில் முழங்காலுக்குள் இரண்டு கணக்கு இருந்தது, ஒன்று செருப்புக்கு, ஒன்று வெறுங்காலுக்கு. பாதத்தின் முன்பக்கத்தால் தரையை மூன்று தடவை தட்டினால் ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாறும், மாறியதும் தொடையில் ஒரு சின்ன அதிர்வு தெரியும். சபிஹா ரிப்போர்ட்டில், பதினொரு தடவையும் விழுந்ததற்குக் காரணம் பயமில்லை, நாங்கள் அளவெடுத்த விதம் என்று எழுதி அனுப்பினாள். நாலாம் நாள் போன் வந்தது. கால் ஜக்கம்மாளிடமே இருக்கலாம்.

ஜீவிதாவும் அன்றைக்குச் சாயங்காலம் போன் பண்ணினாள். "செருப்பு நல்லா இருக்காம்மா?"

"அதப் போட்டுக்கிட்டுத்தாண்டி ஊரே சுத்துறேன்," என்றாள் ஜக்கம்மாள்.

மறுநாள் காலை வெளுக்கும்போது இரண்டு பேரும் காட்டுக்குப் போனார்கள். டீக்கடையைத் தாண்டும்போது செருப்புச் சத்தம் இரண்டு காலுக்கும் ஒன்றுபோலக் கேட்டது. வரப்பில் உட்கார்ந்து வாரை அவிழ்த்தாள், செருப்பை ஓரமாக வைத்தாள். எழுந்து நின்று, உள்ளே வரலாமா என்று கேட்பதுபோல ரப்பர் பாதத்தால் மண்ணை மூன்று தடவை தட்டினாள். தொடையில் மெல்லிசாக ஓர் அதிர்வு வந்தது. இல்லாத பாதம் குளிர்ந்து வந்து பொருந்திக்கொண்டது.

பாத்திக்குள் நாலு எட்டு வைத்தவள் திரும்பிப் பார்த்தாள். சுருளிவேல் வழக்கம்போலப் பின்னால், ஒரு கையை அவள் இடுப்புக்கு நேராக நீட்டியபடி நின்றான். அந்தக் கை அப்படி நீண்டு இரண்டு வருஷமாகிறது.

"கைய மடக்குங்க," என்றாள் ஜக்கம்மாள். "அன்னைக்கு லாரி வந்துச்சு, நீங்க என்ன செய்வீக? போங்க, அந்தப் பாத்திக்குப் போயி ரெண்டு கையாலயும் பறிங்க."

அவன் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு வரப்பு ஏறி அடுத்த பாத்திக்குப் போனான்.